டன் அக்காவின் முப்பத்தாறு கம்பி வீல்

மலையுச்சியில் இருக்கும் கோபுரத்துக்குப் பதினோரு கிலோமீட்டர் சாலை. வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சாலை முழுக்க சைக்கிள்காரர்களுடையது. ஏழு மணிக்கு அடிவாரத்தில் விசில் அடிப்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வேன் கிளம்பும். அது ஒரே நிதானமாக ஏறி, சரியாக ஒன்பது மணிக்கு மேலே இருக்கும் இரும்புக் கேட்டைத் தொடும். வேனுக்கு முன்னால் கேட்டைத் தொட்டவர்கள் மலை ஏறியவர்கள். வழியில் வேன் யாரைப் பிடிக்கிறதோ, அவர்கள் சைக்கிளை வேனின் மேலே கட்டிவிட்டு உள்ளே ஏறி உட்கார வேண்டியதுதான். பேச்சுக்கே இடமில்லை.

போன வருஷம் வேன் பிடித்தவர்கள் ஐந்து பேர். ஐந்தாவது ஆள் டன் அக்கா. வேனை ஓட்டியவர் அவளுடைய சொந்த வீட்டுக்காரர்.

கேட்டுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர்தான் இருந்தது. சாலை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற இடம் அது. உட்கார்ந்து மிதித்தால் சைக்கிள் நகரவில்லை. எழுந்து நின்று மிதித்தால் நகர்ந்தது, ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் பின்னாலிருந்து ஒரு சத்தம். வலது காலை அழுத்தினால் சர்க். இடது காலை அழுத்தினால் சர்க். பின்சக்கரத்தின் ரிம் போய் பிரேக் கட்டையில் உரசுகிற சத்தம். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே மலை ஏறுவதற்கு யாருக்காவது தலையெழுத்தா? அவளுக்கு இருந்தது. இறங்கிப் பார்த்தாள், சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். எங்கேயும் படாமல் சமர்த்தாகச் சுற்றியது. ஏறி நின்று மிதித்தாள். சர்க்.

அப்போதுதான் வேன் வந்து பக்கத்தில் நின்றது. வீட்டுக்காரர் கண்ணாடியை இறக்கினார். அவர் முகத்தில் இருந்தது பரிதாபமா, நிம்மதியா என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

"வா, போதும்" என்றார்.

வேனுக்குள் இருந்த நான்கு பேரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ஒருவர் போதாதென்று இரண்டு பேர் எழுந்தே நின்றுகொண்டார்கள். யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். டன் அக்காவுக்குக் காது வரை சூடு ஏறியது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. அடுத்த வருஷமும் நான் இந்த வேன்ல ஏறினா, இந்த சைக்கிளை வித்துடறேன். அப்புறம் சைக்கிள் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டேன்" என்று அறிவித்துவிட்டாள். கோபத்தில் சொன்ன வார்த்தை. சாட்சிக்கு ஐந்து பேர், அதில் ஒருவர் தாலி கட்டிய புருஷன். திரும்ப வாங்க முடியுமா?

டன் அக்கா என்பது லாரிக்காரர்கள் வைத்த பெயர். கல் குவாரிக்கு வெளியே இருக்கும் எடைமேடையில் பத்தொன்பது வருஷமாக அவள்தான் எடை போடுகிறாள். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருப்பாள். லாரி வந்து மேடையில் நின்று, டிரைவரும் கிளீனரும் இறங்கி ஒதுங்கியதும், மைக்கில் எடையைச் சொல்வாள். "பதினேழு டன் நானூறு, போகலாம்!" அந்தக் குரல் குவாரிக்கு உள்ளே வரைக்கும் கேட்கும். டிரைவர் ஒரு காலை மட்டும் படியில் வைத்துக்கொண்டிருந்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். "காலை எடு தம்பி, உன் காலுக்கு நான் சீட்டு போடணுமா?" முதலாளி கேட்டாலும் ஒரு கிலோ கூட்டிக் குறைத்து எழுதியவள் இல்லை. அதனால் அவளைப் பிடிக்காதவர்களும் உண்டு, நம்பாதவர்கள் கிடையாது.

உடம்பு கொஞ்சம் தாராளமானது. நூற்றுப் பன்னிரண்டு கிலோ. அவளுடைய அம்மாவும் அப்படித்தான், பெரியம்மாவும் அப்படித்தான். அதைப் பற்றி அவளுக்கு வெட்கம் கிடையாது. மேடையில் ஏறி நின்று, "ஒரு டன் ஆக என்னை மாதிரி இன்னும் எட்டு பேர் வேணும்" என்று அவளே ஜோக் அடிப்பாள்.

சைக்கிள் வந்த கதை இது. கொழுந்தன் ஒரு சைக்கிள் குழுவின் கேப்டன். முருங்கைக்காய் மாதிரி இருப்பான். புது சைக்கிள் வாங்கியதும் பழைய ரேஸ் சைக்கிளைக் கொண்டுவந்து அண்ணன் வீட்டு பால்கனியில் மாட்டிவிட்டுப் போனான். துணி காயப்போடும்போதெல்லாம் அதன் ஹேண்டில் அவள் தலையில் இடித்தது. ஒருநாள் இடித்த ஆத்திரத்தில் இறக்கிப் பெருக்கும்போது, ஏறித்தான் பார்ப்போமே என்று தோன்றியது. நாற்பத்தோரு வயதில், காலி மைதானத்தில், பிருஷ்டம் வலிக்க வலிக்க இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவள் முகம் கல்யாணப் பெண் முகம் மாதிரி இருந்தது என்று வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். அத்தனை வருஷம் கண்ணாடிக்குள் உட்கார்ந்து மற்றவர்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, தானே போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதை விட்டுவிட முடியுமா?

ஆகவே அந்த வாய்தவறிய சபதம் அவளை உண்மையிலேயே பயமுறுத்தியது.

முதலில் கொழுந்தனைக் கேட்டாள். அவன் யோசிக்கக்கூட இல்லை.

"அண்ணி, தப்பா நினைக்காதீங்க. வீல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு பத்து கிலோ குறைங்க, சத்தம் தானா போயிடும்."

சரி என்று நாலு மாசம் வாயைக் கட்டினாள். ஆறு கிலோ குறைந்தது. எடைமேடையில் ஏறிப் பார்த்தாள். அது பத்துப் பத்து கிலோவாக மட்டுமே காட்டும் மேடை. முன்னாடியும் நூற்றிப்பத்து, இப்போதும் நூற்றிப்பத்து. ஆறு கிலோவை அது சட்டையே செய்யவில்லை. சைக்கிளும் அப்படித்தான். ஆறு கிலோ குறைந்த சந்தோஷத்தில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தாள். சர்க்.

அடுத்து சைக்கிள் கடை. கடைக்காரர் ஐம்பது வயதுக்காரர், வாயில் எப்போதும் ஒரு ஸ்போக்ஸ் கம்பியைக் கடித்துக்கொண்டிருப்பார். வீல் கோட்டம் எடுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டி, சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

"முடி அளவு கோட்டம்கூட இல்லக்கா. வீல் தங்கம்."

"அப்புறம் ஏன் உரசுது?"

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் வேறொன்று மண்டையைக் குடைந்தது. ஸ்டாண்டில் சுற்றுகிற சக்கரத்தின்மேல் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? யாருமே இல்லை. காலி லாரியை எடை போட்டுவிட்டு, சுமை இவ்வளவு என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் அவளை வேலையில் வைத்திருப்பார்களா?

அந்தக் கேள்வியை அன்றைக்கே கெட்டியாகப் பிடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு அவசரம். குறுக்குவழி ஒன்று கண்ணில் பட்டது. ரேஸ் சைக்கிளின் பிரேக்கில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சின்ன லீவர் இருக்கும். சக்கரத்தைக் கழற்றுவதற்காக வைத்தது. அதைத் தூக்கிவிட்டால் பிரேக் கட்டைகள் இரண்டும் விலகி ரிம்முக்கு வழிவிடும். ஏறும்போது அதைத் திறந்துவிட்டால் எப்படி உரசும்? திறந்தாள். முன்னாலும் பின்னாலும் இரண்டையும் திறந்தாள். மேம்பாலத்தில் ஏறினாள். சத்தம் இல்லை! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாலத்தின் உச்சியில், "வந்துட்டேன்டா!" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டாள்.

அந்தக் கொண்டாட்டத்தில் லீவரை மூட மறந்துவிட்டாள்.

பாலம் இறங்கினால் நேராகக் குவாரிச் சரிவு. சரிவின் அடியில் எடைமேடை. பாதி இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தாள். கைப்பிடி ஹேண்டிலோடு வந்து ஒட்டிக்கொண்டது; சைக்கிள் மட்டும் கேட்பாரில்லாமல் பறந்தது. மேடையில் லாரி எதுவும் இல்லாதது அவள் செய்த புண்ணியம். மேடையைத் தடதடவென்று தாண்டி, அந்தப் பக்கம் கொட்டியிருந்த மணல் குவியலுக்குள் ஹேண்டில் வரை புதைந்து நின்றாள். பிறகு வரிசையில் நின்ற டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அக்கா, சீட்டு போடாமலே தாண்டிட்டீங்களே!" என்றார். குவாரியே சிரித்தது. மணலைத் துப்பிக்கொண்டு அவளும் சிரித்தாள்.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. தான் ஓட்டும் பள்ளிக்கூட வேனை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தவர், அவள் தலைமுடியிலிருந்து மணலை உதறிவிட்டுக்கொண்டே, "இன்னைக்கே வித்துடலாம்" என்றார்.

"மலைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்குங்க."

"அப்படின்னா இனிமே அந்த லீவர்ல கை வைக்கக் கூடாது. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினாள். அதோடு குறுக்குவழி அடைபட்டது.

செய்தி கேட்டு கொழுந்தன் வந்தான். நல்ல பிள்ளைதான், மனசு தாங்கவில்லை அவனுக்கு. தன்னுடைய விலை உயர்ந்த வீலையே கழற்றிக் கொண்டுவந்திருந்தான். உள்ளங்கை அகலத்துக்குக் கரேலென்று உயரமான ரிம்.

"இதை ஓட்டிப் பாருங்க அண்ணி. கல்லு மாதிரி. கொஞ்சம்கூட வளையாது. இதுலயும் உரசினா..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

மாட்டினாள். மேம்பாலத்தில் ஏறினாள். சர்க் என்று இருந்த சத்தம் சரக் என்று ஆனது. முன்னைவிட மோசம்! பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்த கொழுந்தன் காதாலேயே கேட்டான். தலையைக் குனிந்துகொண்டான். வளையாத வீலே உரசுகிறது என்றால், குற்றவாளி யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? டன் அக்கா அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். முதல் தடவையாகத் தன் உடம்பை நினைத்து அழுதாள்.

ஆனால் மறுநாள் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருக்கும்போது, அழுகை போய் எரிச்சல் வந்தது. இரண்டு வீலிலும் உட்கார்ந்தது ஒரே ஆள். எடை மாறவில்லை. பிறகு கல் மாதிரி வீல் ஏன் அதிகமாக உரச வேண்டும்? எடை ஒன்றேயாக இருந்து கணக்கு வேறாக வந்தால், தப்பு எடையில் இல்லை. இதைப் பத்தொன்பது வருஷமாக லாரிக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தானே! அவளுக்கு உடம்பெல்லாம் குறுகுறுவென்றது. மதியம் வண்டி வரத்து ஓய்ந்ததும் சைக்கிளை அறையின் சுவரில் முட்டுக்கொடுத்து நிறுத்தினாள்.

"டிரைவர் அண்ணே, கொஞ்சம் வாங்க! நீங்க ஹேண்டிலைப் பிடிங்க. கிளீனர் தம்பி, நீ பின்னாடி குந்து. நான் ஏறி மிதிக்கறேன். ரிம் எந்தப் பக்கம் போகுதுன்னு கண்ணை எடுக்காம பாரு."

"அக்கா, கேமரா இருக்கு, முதலாளி பாத்தா..."

"பாக்கட்டும். குந்து."

முன் பிரேக்கை மட்டும் இறுக்கிக்கொண்டு ஏறி நின்றாள். சைக்கிளை ஒரு பக்கம் சாய்த்து, மலையில் மிதிப்பதுபோல முழு உடம்பையும் ஒரே காலில் இறக்கினாள். ஹேண்டிலைப் பிடித்த டிரைவருக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன தெரியுது?"

"டயர் தரையில படற இடத்துல, ரிம் இடது பக்கமா போகுதுக்கா."

"மேல? பிரேக் கட்டை கிட்ட?"

கிளீனர் தலையை அப்படியும் இப்படியும் திருப்பினார். நம்பாமல் இன்னொரு தடவை மிதிக்கச் சொன்னார்.

"மேல வலது பக்கமா போகுது! கீழ ஒரு பக்கம், மேல எதிர்ப்பக்கம்!"

டன் அக்கா சைக்கிளிலிருந்து குதித்தே இறங்கினாள். அன்றைக்கு சாயங்காலம் வரை அவள் சொன்ன எடைகளைக் கேட்டவர்கள் எதற்கு இவ்வளவு உற்சாகம் என்று விழித்திருப்பார்கள். வீட்டுக்குப் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் நுழைந்தாள். ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்தாள்.

"என்னங்க! இங்க வாங்க, சீக்கிரம்!"

வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்.

"இந்தத் தட்டோட ஓரத்தை இப்படி அழுத்தறேன். அந்தப் பக்கம் என்ன ஆகுது?"

"தூக்குது."

தட்டை எடுத்துவிட்டு, ஐஸ்கிரீம் டப்பாவின் தொளதொள பிளாஸ்டிக் மூடியை வைத்து அழுத்தினாள். அழுத்திய இடம் மட்டும் வளைந்தது. எதிர்ப்பக்கம் அசையவில்லை.

"புரியுதா? தரையில நான் அழுத்தறேன். ரிம் தட்டு மாதிரி முரட்டுத்தனமா இருந்தா, கீழ ஒரு பக்கம் சாய்ஞ்சா மேல எதிர்ப்பக்கம் சாயுது. மேலதானே பிரேக் இருக்கு? அதான் உன் தம்பி வீல் இன்னும் மோசமா உரசுச்சு! ரிம் எவ்வளவு கெட்டியா இருந்து என்ன? அதைப் பிடிச்சு நிறுத்தறது எது?"

"எது?"

"கம்பிங்க! ஸ்போக்ஸ்! என் வீல்ல இருபத்து நாலு, உன் தம்பி வீல்ல இருபதுதான். எண்ணிப் பாத்துட்டேன். என்னைத் தாங்கறதுக்கு இருபத்து நாலு கம்பியா? யாருக்குக் கணக்குப் போட்டு வெச்சது அது?"

அவசரத்தில் புருஷனுக்கு 'உன்' போட்டதை அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. அவர் தட்டையும் மூடியையும் மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் கடை திறக்கும் முன்பே வாசலில் போய் நின்றாள். கடைக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். வாயிலிருந்த கம்பியை எடுத்தார். அவர் வாயிலிருந்து கம்பியை எடுப்பது சாதாரண விஷயம் இல்லை.

"முப்பத்தாறு கம்பி போடலாம். தடிச்ச கம்பியா. ஆனா அது பால்காரங்க சைக்கிளுக்குப் போடற கணக்குக்கா. ரேஸ் சைக்கிள்ல யாரும் போட மாட்டாங்க. பாக்கறவங்க சிரிப்பாங்க."

"பால்காரர் நாலு கேன் கட்டிட்டுப் போறாரே, அவர் சக்கரம் உரசுதா?"

"இல்ல."

"அப்ப சிரிக்கறவங்க சிரிக்கட்டும். போடுங்க."

மூன்று நாள் எடுத்துக்கொண்டார். பின்சக்கரத்தில் வலது பக்கம் பல்சக்கரங்கள் இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பக்கத்துக் கம்பிகள் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும், இடது பக்கத்தவை சோம்பேறியாகச் சாய்ந்திருக்கும். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுக்க வைப்பதில்தான் வேலையே இருக்கிறது என்று விளக்கிக்கொண்டே இறுக்கினார். மூன்றாம் நாள் சக்கரத்தைச் சுற்றிக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. தரையில் படுக்கவைத்து, ஒரு ஓரத்தில் தானே ஏறி நின்று குதித்தார். பிறகு அவளிடம் திரும்பி, "அன்னைக்கு நான் பாத்த பார்வை தப்புக்கா" என்றார்.

கொழுந்தன் வீலைத் தூக்கிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தான். "மலை ஏறறதுக்கு எல்லாரும் வீல் எடையைக் குறைப்பாங்க. கூட்டறவங்களை இப்பதான் பாக்கறேன் அண்ணி!"

"நானூறு கிராம் தம்பி. காலையில ரெண்டு டம்ளர் தண்ணி குடிக்காம கிளம்பினா சரியாப் போச்சு" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. விசில் அடித்தார்கள். மற்ற அறுபது பேரும் அவளை விட்டுவிட்டுப் போனார்கள், அது எதிர்பார்த்ததுதான். அவள் தன் நிதானத்தில் ஏறினாள். நாலாவது கிலோமீட்டரில் முதல் கடுமையான ஏற்றம். பயந்துகொண்டே எழுந்து நின்றாள். வலது காலை அழுத்தினாள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். இடது காலை அழுத்தினாள். டயர் தாரில் உருளுகிற மெல்லிய இரைச்சல், சங்கிலியின் கிறுகிறுப்பு, அவளுடைய மூச்சு. வேறு எதுவுமே இல்லை. மிதித்தது மொத்தமும் சாலைக்குப் போயிற்று. ஆகா! அவளுக்குப் பாடத் தோன்றியது, மூச்சு போதவில்லை. சறுக்கிவிட்டதுபோல இரண்டு வளைவுகள் பின்னால் போயின. முன்னால் போன ஒருத்தரை முந்தினாள், பிறகு இன்னொருத்தரை. தன் வாழ்நாளில் ஏற்றத்தில் இன்னொரு மனிதரை முந்துவது இதுவே முதல் தடவை என்று அவர்கள் இருவரிடமும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

போன வருஷம் வேனில் ஏறிய இடத்தைத் தாண்டினாள். திரும்பிப் பார்த்தாள், வேன் இல்லை. அங்கேதான் கால்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. கூடவே ஒரு புது பயமும் வந்தது. இத்தனை நாள் சத்தம் இருந்தது. அதன்மேல் பழி போடலாம். இப்போது வீல் பேசாமல் உருளுகிறது. இனி நின்றால், நின்றது அவள்தான். கடைக்காரர் பார்த்த பார்வையும் கொழுந்தன் குனிந்த தலையும் சரிதான் என்று ஆகிவிடும்.

கேட்டுக்கு அறுநூறு மீட்டர் இருக்கும்போது பின்னால் வேனின் உறுமல் கேட்டது. அவள் முந்திய இரண்டு பேரும் ஏற்கெனவே வேனுக்குள் இருந்தார்கள். உறுமல் நெருங்கியது. ஐம்பது அடி, நாற்பது அடி. பிறகு சட்டென்று நின்றுபோனது.

திரும்பிப் பார்த்தாள். வேன் நடுச்சாலையில் நிற்கிறது. வீட்டுக்காரர் இறங்கி முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, எஞ்சினுக்குள் எதையோ தீவிரமாகத் தேடுகிறார். பதினாறு வருஷமாக ஒருநாள்கூட வழியில் நின்றிராத வேன்! அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அந்த மனுஷன் மேல் அவளுக்கு இருந்த அன்பு அவ்வளவும் பொங்கி வந்தது. அதே வேகத்தில் கோபமும் வந்தது. மேடையில் லாரி நிற்கும்போது படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிற ஆளை விடுவாளா அவள்?

இறங்கவில்லை. மிதித்துக்கொண்டே, குவாரியைக் கூப்பிடுகிற அந்தக் குரலில் கத்தினாள்.

"என்னங்க! வண்டியை எடுங்க!"

அவர் நிமிர்ந்தார். "என்னமோ சூடாயிடுச்சு போல..."

"ஒண்ணும் ஆகல! எனக்குத் தெரியும்! மூடியைச் சாத்திட்டு எடுங்க! ஒன்பது மணின்னா ஒன்பது மணி! தொரத்திட்டு வாங்க!"

"உன்னால முடியலன்னா?"

"முடியலன்னா பிடிங்க! பிடிச்சுப் பாருங்க!"

மூடி சாத்துகிற சத்தம் கேட்டது. எஞ்சின் உறுமியது. நின்ற நேரத்தையும் சேர்த்து ஈடுகட்டுகிற மாதிரி வேன் விறுவிறுவென்று வந்தது. டன் அக்கா எழுந்து நின்றாள், அதன் பிறகு உட்காரவேயில்லை. நூற்றாறு கிலோவையும் வலது காலில் இறக்கினாள், இடது காலில் இறக்கினாள். இத்தனை வருஷம் எல்லோரும் குறை சொன்ன அந்தக் கனம் ஒவ்வொரு மிதியிலும் சம்மட்டிபோல இறங்கி சைக்கிளை முன்னுக்குத் தள்ளியது. வேனுக்குள் இருந்த இரண்டு பேரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "விடாதீங்கக்கா! விடாதீங்க!" என்று கூவினார்கள். வீட்டுக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே வந்தார், துரத்துகிறாரா கைதட்டுகிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. கேட்டில் நின்றவர்கள் கத்தினார்கள். கண் இருட்டியது. கையை நீட்டினாள். விரலில் சில்லென்று இரும்பு பட்டது.

வேனின் முன்பக்கம் அவளுக்குப் பின்னால் பத்தடியில் வந்து நின்றது. மணி ஒன்பது.

அவள் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வீட்டுக்காரர் இறங்கி வந்தார். சட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஆனால் கூட்டம் அவளைச் சூழவில்லை, சைக்கிளைச் சூழ்ந்துகொண்டது. ஒருவர் அதைத் தலைகீழாகத் திருப்பினார். ஒருவர் கம்பிகளை எண்ணினார். ஒருவர் போட்டோ எடுத்தார். எந்தக் கடை, என்ன கம்பி என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நடுவில் கொழுந்தன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, முகமெல்லாம் பல்லாக நிமிர்ந்தான்.

"அண்ணி, மன்னிச்சுக்கங்க, நான் சிரிச்சது தப்பு. என்னா வீல் இது! மலையையே ஏறிடுச்சே!"

டன் அக்காவுக்கு இன்னும் மூச்சு திரும்பவில்லை. கேட்டிலிருந்து கையை எடுத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவன் எதிரில் நின்றாள்.

"வீல் உரசல தம்பி, அவ்வளவுதான். ஏறினது நான்."